சந்திரபாபு பாட்டுப் பாடிப் பழகுகிறேன்: இதுவரை வந்தது, வராதது

யோடலிங், அதாவது குரலைச் சட்டென்று உடைத்து மேலும் கீழும் தாவிப் பாடுவது, இப்போதுதான் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. குரல் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்துக்குப் போய் வேண்டுமென்றே உடைக்கவும் முடிகிறது. அதைப் பாட்டுக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் பாக்கி.

ஜே.பி. சந்திரபாபுவின் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடிப் பழகலாம் என்று ஆரம்பித்த வேலை இது. மேடை ஆசையெல்லாம் கிடையாது. கேட்கும்போது அத்தனை சுலபமாகத் தெரிகிற பாட்டு, பாத்ரூமில் பாடினால்கூட ஏன் வரமாட்டேன் என்கிறது என்ற எரிச்சல்தான் காரணம்.

இன்னொரு எரிச்சலும் உண்டு. அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் நேராகக் கடைசிக் காலத்துக்குப் போய்விடுகிறார்கள். பாதியில் நின்ற படம், கடன், குடி, 1974இல் 46 வயதில் மரணம். எல்லாம் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தூத்துக்குடியில் 1927இல் பிறந்து, கொழும்பில் படித்து, சென்னைக்கு வந்து, நடித்து, ஆடி, சொந்தக் குரலில் பாடி, 1966இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ என்று ஒரு படத்தை இயக்கவும் செய்த ஆள் தன் தொண்டையை வைத்து என்ன செய்தார் என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பாடிப் பார்த்தால் அது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஓரளவு தெரிந்தது.

முதலில் எடுத்தது ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’. 1962இல் வந்த ‘அன்னை’ படப் பாட்டு, ஆர். சுதர்சனம் இசை. நிதானமான நடை, எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: அவர் அழவே மாட்டார். வரிகளில் அவ்வளவு கசப்பு இருக்கிறது, நமக்குப் பாடும்போது தானாகவே குரலில் ஒரு சோகம் ஒட்டிக்கொள்கிறது. போனில் பதிவு செய்து கேட்டால் என் குரல் இரங்கற்கூட்டத்தில் பாடுவது போல இருந்தது. அவரோ பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்கிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். சோகத்தை எடுத்துவிட்டுப் பாடினால் பாட்டு இன்னும் கனமாகிறது. இதைக் கண்டுபிடிக்கவே நிறைய நாள் ஆனது.

அப்புறம் ‘உனக்காக எல்லாம் உனக்காக’. ‘புதையல்’, 1957. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதியது, இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். காதலியிடம் அதைச் செய்யணுமா, இதைச் செய்யணுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டே போகிற பாட்டு. கேள்விக்குக் கேள்வி ‘ணுமா’ என்று முடியும். தாளத்தைச் சரியாகப் பிடித்துப் பாடினால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் போட்டு, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்டேன். அப்போதுதான் புரிந்தது, மனுஷர் தாளத்தின் மேல் உட்காரவே இல்லை. ஒரு வார்த்தை கொஞ்சம் முந்தி வருகிறது, அடுத்தது சாவகாசமாகப் பிந்தி வருகிறது, கடைசியில் மட்டும் சரியாக வந்து விழுகிறார். பேச்சு வழக்கின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது, மெட்டும் கெடவில்லை. நாம் பேசினால் பாட்டு போய்விடுகிறது, பாடினால் பேச்சு போய்விடுகிறது.

மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தேடியதும் இந்தப் பாட்டில்தான். நான் கேள்விகளுக்கு நடுவே எடுத்தேன், குறும்பு போய்விட்டது. இரண்டு மூன்று கேள்விகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பாடினால்தான் அந்த ‘விடாமல் நச்சரிக்கிற’ பாவனை வருகிறது. இதோடு இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1950களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்தே ஒலிப்பதிவு செய்தார்கள். யாராவது ஓர் இடத்தில் பிசகினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. நான் வீட்டில் ஒரு வரியைத் தனியாகப் பாடி வெட்டி ஒட்டிக்கொள்கிறேன், அப்படியும் திணறுகிறேன்.

‘நானொரு முட்டாளுங்க’ பற்றிச் சுருக்கமாக. 1959, ‘சகோதரி’, கண்ணதாசன் வரிகள். இதில் பால்காரராக வருவார். படம் முடிந்த பிறகு அவருடைய நகைச்சுவைப் பகுதி தனியாக எடுத்துச் சேர்க்கப்பட்டது என்பது பழைய ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. வரி முடிவில் வருகிற அந்த ‘ங்க’வை மூக்கில் லேசாக நிறுத்திவிட்டு விடவேண்டும். அதிகம் நிறுத்தினால் மிமிக்ரி ஆகிவிடும். இன்னிசைக் கச்சேரிகளில் ‘சந்திரபாபு குரல்’ என்று பாடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூக்கை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அவர் மூக்கால் பாடுகிறவர் இல்லை, தேவைப்படும் இடத்தில் மூக்கைப் பயன்படுத்துகிறவர்.

சரி, யோடலிங். குரல் மேலே ஏறும்போது ஓர் இடத்தில் நெஞ்சுக் குரல் முடிந்து கள்ளக் குரல் (ஃபால்செட்டோ) தொடங்கும். கர்நாடக சங்கீதம் படிப்பவர்கள் அந்த ஒட்டு வெளியே தெரியாமல் இழைத்துப் பாடப் பழகுகிறார்கள். சின்ன வயதில் நான் கொஞ்சம் கற்றதும் அப்படித்தான். யோடலிங்கில் அந்த ஒட்டையே வெளியே காட்ட வேண்டும். கீழே ஒரு சுரம் நெஞ்சுக் குரலில், சட்டென்று மேலே ஒரு சுரம் கள்ளக் குரலில், மறுபடி கீழே. இரண்டுக்கும் நடுவே வழுக்கல் கூடாது. சைக்கிளில் செயின் கழன்று உடனே மாட்டிக்கொள்வது போல ஒரு ‘டக்’ கேட்க வேண்டும். ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிடப் பயன்பட்ட முறை இது. அமெரிக்காவில் பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸ் தன் முதல் ‘புளூ யோடல்’ பாட்டைப் பதிவு செய்ததும் 1927இல்தான், சந்திரபாபு பிறந்த அதே ஆண்டு. கிராமபோன் தட்டுகள் வழியாக உலகம் சுற்றிய சங்கதி. தமிழ் சினிமாவில் யோடலிங் என்றாலே சந்திரபாபு பெயர்தான் முதலில் வரும்.

பழகிய விதம் இதுதான். கீழ்ச் சுரத்துக்கு ‘ஓ’, மேல் சுரத்துக்கு ‘ஈ’ அல்லது ‘ஊ’. ‘ஆ’ வைத்து மேலே போனால் நெஞ்சுக் குரலே கூட ஏறி வந்துவிடும், உடையாது. முதலில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் முயற்சி செய்தேன், வரவில்லை. தாவல் பெரிதாக இருந்தால்தான் தொண்டை தானாக மாறுகிறது. எனக்கு ஒரு கட்டை சுருதியில் கீழ் ‘ப’விலிருந்து நடு ஸ்தாயியின் மேல் பக்கம் தாவுவது வசதியாக இருக்கிறது. உங்களுக்கு வேறாக இருக்கலாம். சத்தம் போட வேண்டியதில்லை. மெதுவாகச் செய்தால்தான் உடையும் இடம் தெரியும். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், தொண்டை கரகரத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையை விட்டுவிடுங்கள். எங்கள் மாடி வீட்டுக் குழந்தை இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறது.

இந்தியில் ஏறக்குறைய அதே காலத்தில் கிஷோர் குமாரும் யோடலிங் செய்தார். அங்கே அது காதல் பாட்டுக்கும் போனது, ஹீரோவுக்கும் போனது, பின்னால் வந்தவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். இங்கே சந்திரபாபுவோடு நின்றுவிட்டது. என் அபிப்பிராயம், நாம் அதைக் காமெடியன் செய்கிற சேட்டையாகவே பார்த்துவிட்டோம். 1954இல் ‘பெண்’ படத்தில் நடிகர் எஸ். பாலசந்தருக்குச் சந்திரபாபு பாட்டில் குரல் கொடுத்திருக்கிறார். ‘கல்யாணம் வேணும்’ பாட்டு. அந்த வழியில் இன்னும் பத்துப் பாட்டு கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பொங்கலுக்கு எங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன நிகழ்ச்சி. ‘ஒண்ணுமே புரியலே உலகத்திலே’ பாடினேன், ‘குமார ராஜா’ படத்தில் டி.ஆர். பாப்பா இசையமைத்தது. கைத்தட்டல் எல்லாம் கிடைத்தது. கீழே இறங்கியதும் தரைத்தளத்துப் பெரியவர் கூப்பிட்டார். “தம்பி, சுருதி சுத்தமா இருந்துச்சு. ஆனா ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கிட்டுப் பாடுறியேப்பா. அந்தாளு எங்க நின்னாரு?”

அதற்குப் பிறகு பாட்டுக் காட்சிகளைச் சத்தமில்லாமல் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். இது நல்ல பயிற்சி, செய்து பாருங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்று அவர் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம். முழங்கால் முதலில் தளர்கிறது, அப்புறம் இடுப்பு, தலை கடைசியில் வருகிறது. அந்தத் தளர்ச்சியேதான் குரலிலும் இருக்கிறது. வார்த்தை முந்துவதும் பிந்துவதும் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்கு ஆட்டமும் பாட்டும் ஒரே வேலை. பின்னணி பாடுகிற முறை நன்றாக வேரூன்றிவிட்ட காலத்தில், பாடுகிறவரும் ஆடுகிறவரும் ஒரே ஆளாக இருந்ததன் லாபம் இது. என்.எஸ். கிருஷ்ணனும் சொந்தக் குரல்தான், ஆனால் அவர் வில்லுப்பாட்டு, கிந்தன் காலட்சேபம் என்று நம்மூர் மேடைகளிலிருந்து வந்தவர். இவருடைய கால்கள் வேறு ஊர் இசையைக் கேட்டு வளர்ந்தவை.

அதே ஆள்தான் 1958இல் ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷை பேசியதும். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர்! பாட்டு மாதிரியே பேச்சையும் காதால் பிடித்தவர் என்று அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது தோன்றியது. இரட்டை வேடம், இரண்டுக்கும் வேறு வேறு நடை, வேறு வேறு வாய்.

இப்போது கண்ணாடி முன்னால் முழங்காலைத் தளர்த்திக்கொண்டு ‘பம்பரக் கண்ணாலே’ பாடுகிறேன். வேகம் முக்கால்வாசிதான் வந்திருக்கிறது. ஆடினால் மூச்சு வாங்குகிறது, நின்றால் பாட்டு செத்துவிடுகிறது. ‘சிரிப்பு வருது’ பக்கம் இன்னும் போகவில்லை. தாளத்துக்குள் சிரிக்க வேண்டும், அதுவும் பொய்ச் சிரிப்பாகத் தெரியக்கூடாது. அதற்கு இன்னும் நாளாகும்.

அதற்குள் அக்கா சேர்ந்துகொண்டாள். ‘மரகதம்’ படத்தில் இவரும் ஜமுனா ராணியும் பாடிய ‘குங்குமப்பூவே’ அவளுக்கு உயிர். சுருதியில்தான் தகராறு. அவளுக்குச் சரியாக வைத்தால் எனக்கு எட்டவில்லை, எனக்காக இறக்கினால் அவளுக்கு அடித்தொண்டையில் போகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை கரோக்கி ட்ராக்கை அரைக் கட்டை இறக்கிப் பார்க்கப் போகிறோம்.