ஏழாவது வில்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியில் கேத்திரகணிதம் (வடிவியல்) படித்த யாரைக் கேட்டாலும், கணித சேரின் சணல் நூலைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். கரும்பலகையில் வட்டம் கீறவென்று பெரிய மரக் கவராயம் அலுமாரியில் இருந்தது. சேர் அதைத் தொடமாட்டார். நூலின் ஒரு நுனியைப் பெருவிரலால் பலகையில் அழுத்திக்கொண்டு, மறுநுனியில் கட்டிய வெண்கட்டியால் ஒரே இழுப்பில் வட்டம் போடுவார். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேரும்.

எங்களுக்கு அவர் வைத்த சட்டங்கள் கடுமையானவை. அடிமட்டம் நேர்கோடு கீறுவதற்கு மட்டும். அதிலுள்ள இலக்கங்களைப் பார்க்கக் கூடாது. கவராயத்தால் கீறிய விற்களை, அதாவது வட்டத் துண்டுகளை, அழிக்கக் கூடாது, வந்த வழி தெரியவேண்டும். பென்சிலைச் சீமெந்துத் தரையில் உரசி, உளி வாய் போலச் சப்பையாகத் தீட்டவேண்டும். 1990க்குப் பிறகு சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கின் கீழிருந்து அந்த மெல்லிய கோட்டைக் கீற எவ்வளவு கவனம் தேவைப்பட்டது என்பது கீறியவர்களுக்குத்தான் தெரியும்.

அறுகோணி எல்லாருக்கும் வரும். ஆரையை மாற்றாமல் வட்டத்தைச் சுற்றி விற்களால் வெட்டிக்கொண்டு போனால் ஆறாவது வில் முதற்புள்ளியில் விழும். விழாவிட்டால் கவராயத்தின் திருகாணி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒருநாள் ஏழு பக்கமும் சமமான எழுகோணி கீறச் சொன்னார். 5 சென்ரிமீற்றர் ஆரையில் வட்டம். அதற்குள் சமபக்க முக்கோணி. அதன் பக்கத்தில் பாதியைக் கவராயத்தில் எடுத்து ஏழு தரம் வெட்டவேண்டும். தடித்த பென்சில் வைத்திருந்தவர்களுக்கு அழகாக மூடிவிட்டது. கூராகத் தீட்டியவர்களுக்கு ஏழாவது வில் முதற்புள்ளிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. மூடாத கொப்பி ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இவன்தான் சரியாகக் கீறியிருக்கிறான்” என்றார் சேர். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது.

அப்புறம் விளக்கினார். அந்தப் பாதிப் பக்கம் 4.330 சென்ரிமீற்றர், எழுகோணிக்கு வேண்டியது 4.339. ஒரு பக்கத்தில் வரும் பிழை பத்தில் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. ஏழு தரம் சேரும்போது வட்டத்தின் மேல் அரை மில்லிமீற்றருக்கும் கூடுதலான இடைவெளியாகிறது. கவராயத்தாலும் இலக்கமில்லாத அடிமட்டத்தாலும் சரியான எழுகோணியை யாராலும் கீறமுடியாது. 1837இல் பிரெஞ்சுக் கணிதர் வான்ட்செல் அதை நிறுவிவிட்டார். ஆனால் 17 பக்கம் உள்ளதைக் கீறலாம். ஜேர்மன் கணிதர் கவுஸ் 1796இல் அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு 18 வயது, எங்களைவிட ஓரிரு வயதுதான் மூப்பு. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஐங்கோணியை அடுத்த பாடத்தில் தந்தார். வட்டத்தில் ஒரு விட்டம், மையத்திலிருந்து அதற்குச் செங்குத்தாக ஓர் ஆரை. விட்டத்தின் ஒரு பாதியை இருகூறாக்கி, அந்த நடுப்புள்ளியில் கவராயத்தை ஊன்றி, செங்குத்து ஆரையின் நுனிவரை திறந்து, மறுபாதியை வெட்டவேண்டும். வெட்டிய புள்ளிக்கும் அந்த நுனிக்கும் இடையிலான தூரம்தான் ஐங்கோணியின் பக்கம். இதில் பிழை என்ற பேச்சே இல்லை. ஐந்தாவது வில் வந்து மூடத்தான் வேண்டும். ஏன் மூடுகிறது என்பதை அடுத்த வகுப்பில் பைதகரசின் தேற்றத்தோடு நிறுவினார். மூடியதுபோலத் தெரிவதற்கும் மூடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

இங்கே பிள்ளைகள் கணினியில் ஒரு தட்டில் எழுகோணி எடுக்கிறார்கள். அது வேலைக்கு நல்லதுதான். ஆனால் தன் கையால் வெட்டி, அது மூடாமல் நிற்பதைப் பார்த்த பிள்ளை “ஏன்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி எனக்குப் பெரிது.

எங்கள் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கல்லூரிக்குப் பொருட்கள் அனுப்பும்போது கணினிகளோடு கவராயங்களும் அனுப்புவோம். பெட்டியோடு வரும் மெல்லிய தகரக் கவராயம் வேண்டாம். பாதி வட்டத்திலேயே விரிந்துவிடும். இரண்டு கால்களுக்கும் நடுவே திருகாணி போட்டு, திருகித் திறப்பதாக இருக்கவேண்டும். ஒரு வகுப்புக்குப் போதுமானவற்றை முதலில் வாங்கலாம், என் பங்கைத் தருகிறேன்.