கப்பலேறாதவர்களின் பிள்ளைகள்: சிசிலியில் வேர் தேடிப் போகிறவர்களுக்கு

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் ரயிலேறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் அக்ரிஜெந்தோ. வழியெல்லாம் கோதுமை விளையும் குன்றுகள். அக்ரிஜெந்தோ மாகாணத்தின் கந்தகச் சுரங்கங்களிலும் பண்ணை நிலங்களிலும் பிழைக்க வழியில்லாமல் போனவர்கள்தான் நியூயார்க்குக்கும் லூசியானாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் கிளம்பினார்கள். 1880 முதல் 1924 வரை அமெரிக்கா போன இத்தாலியர்கள் சுமார் 40 லட்சம். அதில் பெரும்பங்கு தெற்கும் சிசிலியும். 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் அந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. இப்போது அவர்களுடைய பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் இந்த ரயிலில் வருகிறார்கள்.

வருகிறவர்களில் பலர் ஒரு குடும்பப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தில் விசாரிக்கிறார்கள். பலன் இருக்காது. சின்ன ஊர்களில் நாலைந்து குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். கப்பலேறிய மனிதரைப் பற்றிய விவரம் பெரும்பாலும் அமெரிக்கக் காகிதங்களிலேயே கிடைத்துவிடும். சிசிலியில் தேட வேண்டியது கப்பலேறாமல் தங்கிவிட்ட அவருடைய அண்ணன் தம்பிகளை, அக்கா தங்கைகளை. இன்று உயிரோடிருக்கும் சொந்தம் அவர்கள் வழியில் வந்ததுதான்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஊரின் பெயர், அதாவது எந்தக் ‘கொமூனே’ (உள்ளாட்சி) என்பது, உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். பதிவேடுகள் எல்லாம் கொமூனே வாரியாகத்தான் இருக்கின்றன. 1906 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கக் குடியுரிமை கேட்டவர் என்றால், அந்த விண்ணப்பத்தில் பிறந்த ஊரும் தேதியும் வந்த கப்பலும் எழுதப்பட்டிருக்கும். அடுத்தது கப்பல் பயணிகள் பட்டியல். 1907-க்குப் பிந்தைய பட்டியல்களில் சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும் தனிக் கட்டத்தில் இருக்கும். அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் கட்டம் அதுதான். அப்பா, மனைவி, தம்பி என்று கப்பலேறாதவர் ஒருவரின் பெயர் அங்கேயே கிடைத்துவிடும். பட்டியலின் இரண்டாம் பக்கத்தையும் விடாதீர்கள்; பிறந்த இடமும், அமெரிக்காவில் யாரிடம் போகிறார் என்பதும் அதில்தான் இருக்கும்.

குடியேற வந்தவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது அமெரிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. அது உண்மையில்லை. பட்டியலைக் கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடும்; தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியதெல்லாம் பிறகு, பள்ளியிலும் வேலையிடத்திலும். கலோஜெரோ அங்கே சார்லஸ் ஆனார், வின்சென்சோ ஜேம்ஸ் ஆனார். ஆகவே பட்டியலில் இத்தாலியப் பெயரைத் தேடுங்கள். பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில் தேடுங்கள். இத்தாலியில் கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. குழந்தைகளோடு வந்த தாய் வேறு குடும்பப் பெயரில் பதிவாகியிருப்பார்.

பட்டியலில் ‘ஜிர்ஜெந்தி’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அக்ரிஜெந்தோவுக்கு 1927 வரை அதுதான் பெயர். ஆனால் நகரத்தையும் மாகாணத்தையும் அந்த ஒரே பெயரால் எழுதிவிடுவார்கள். மாகாணத்தில் எங்கோ ஒரு கிராமத்தில் பிறந்தவரை நகரப் பதிவேட்டில் தேடிச் சலித்தவர்கள் நிறைய. இன்று என்னா என்கிற ஊர் அன்று காஸ்த்ரோஜொவான்னி.

ஊர் தெரிந்துவிட்டால் ‘அந்தெனாத்தி’ என்ற இணையதளத்துக்குப் போகலாம். அரசு ஆவணக் காப்பகங்களின் பதிவேடுகளைப் படம் எடுத்து இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள். ஃபேமிலிசெர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்திலும் நிறைய உண்டு. சிசிலியில் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1820-ல் தொடங்கியது. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுகள்தான், அதுவும் லத்தீனில். எல்லா ஊர்களின் ஏடுகளும் முழுதாக இல்லை. 1908 டிசம்பர் 28 நிலநடுக்கத்தில் மெசினா நகரமே இடிந்தபோது காகிதங்களும் போயின.

1887-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு ஒன்றைத் திறந்தால் பாதி அச்சு, பாதி கையெழுத்து. ஆண்டு, நாள், வயது எல்லாம் எழுத்தாலேயே இருக்கும். முதலில் பதிவுக்கு வந்த நேரம், அதிகாரியின் பெயர். பிறகு தந்தையின் பெயர், வயது, தொழில். கந்தகத் தொழிலாளி என்றால் ‘சொல்ஃபத்தாயோ’, குடியானவர் என்றால் ‘கொந்ததீனோ’ அல்லது ‘வில்லிகோ’. தெருப் பெயர், தாயின் பெயர், குழந்தையின் பெயர், கடைசியில் சாட்சிகள் இருவர். தந்தையின் பெயருக்குப் பின் அவருடைய தந்தையின் பெயர் வரும். அதற்கு முன்னால் ‘தி’ என்றிருந்தால் அன்று அவர் உயிரோடிருக்கிறார், ‘ஃபூ’ என்றிருந்தால் இறந்துவிட்டார். இந்த ஈரெழுத்தை வைத்தே தாத்தாவின் இறப்புப் பதிவை எந்த ஆண்டுகளுக்குள் தேட வேண்டும் என்று சுருக்கிவிடலாம். மாதங்களில் ஒரு கண்ணி உண்டு: 7 போட்டு ‘ப்ரே’ என்று எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 அக்டோபர், 9 நவம்பர். பக்கத்தின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். பல பதிவுகளில், பின்னாளில் யாரை, எங்கே, எப்போது மணந்தார் என்ற குறிப்பு அங்கே இருக்கும்.

பெரும்பாலான தேடல்கள் பிசகும் இடம் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம் அங்கே இன்னும் கறார். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மகள்களுக்கும் அப்படியே பாட்டிமார் பெயர். சகோதரர்கள் நாலு பேர் என்றால் ஒரே பத்தாண்டில் ஒரே பெயரில் நாலு பையன்கள். போதாததற்குக் குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்ததற்கும் அதே பெயர். முதலில் கண்ணில் பட்ட பதிவை எடுத்துக்கொண்டு, மூன்று வயதில் இறந்த குழந்தையைத் தன் கொள்ளுத் தாத்தா என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தாயின் முழுப் பெயர் ஒத்துப்போகாமல் எதையும் ஏற்காதீர்கள்; அதே பெயரில் இறப்புப் பதிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரியான பெற்றோர் கிடைத்ததும், அவர்களுடைய திருமண ஆண்டிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கான பெயர் அட்டவணைகளை வரிசையாகப் புரட்டி, அதே தாய் தந்தைக்குப் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பயணத்தின் வெற்றி இதில்தான் இருக்கிறது. ஊரிலேயே கல்யாணம் நடந்த பிள்ளைகள்தான் தங்கிவிட்டவர்கள். பழைய திருமணங்களுக்கு இணைப்புக் காகிதக் கட்டு ஒன்று உண்டு, ‘ப்ரொசெஸ்ஸெத்தி’. மாப்பிள்ளையின் அப்பா உயிரோடில்லை என்றால் தாத்தாவின் இறப்புச் சான்று வரை அதில் சேர்த்திருப்பார்கள். ஒரே கட்டில் 1700-களுக்குப் போய்விடலாம்.

அண்மைக் காலத்துக்கு இணையம் உதவாது, கொமூனே அலுவலகம்தான். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இத்தாலிய மொழியில் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெயர், பெற்றோர், தேதி, பதிவு எண் கொடுத்து, ஒன்றிரண்டு ஆவணம் மட்டும் கேளுங்கள். முக்கியமாகக் கேட்க வேண்டியது, தங்கிவிட்ட சகோதரரின் பழைய ‘ஸ்தாத்தோ தி ஃபமில்யா’, அதாவது ஒரு வீட்டில் இருந்தவர்களின் பட்டியல். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பதிவின் நகலுக்கு 2025 முதல் 300 யூரோ வரை கட்டணம் வாங்கக் கொமூனேக்களுக்கு அனுமதி உண்டு. முதலிலேயே தொகையைக் கேட்டுவிடுங்கள். உயிரோடிருப்பவரின் முகவரியைத் தர எழுத்தர் தயங்கலாம். ஆனால் உங்கள் தொலைபேசி எண்ணை அவர்களிடம் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். சின்ன ஊரில் எழுத்தருக்கே அவர்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

எப்போது போவது என்பதில் இழுபறி உண்டு. அலுவலக வேலைக்கு மே, அக்டோபர் நல்லது. அங்கே ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி அலுவலகங்கள் பலவும் முடங்கிக் கிடக்கும். ஆனால் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்புவது ஆகஸ்டில்தான், ஊர்ப் பாதுகாவலரான புனிதர்களின் திருவிழாக்களும் அப்போது நிறைய. காகித வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டு ஆகஸ்டில் போவதே மேல். அலுவலகம் எப்போதும் இருக்கும், எண்பது வயதுப் பாட்டி எப்போதும் இருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குப் பேருந்து அநேகமாக இருக்காது, கார் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவில் கண்ட தெரு இல்லாமலும் போகலாம். 1968 ஜனவரி நிலநடுக்கத்தில் பெலிச்சே பள்ளத்தாக்கின் மொந்தெவாகோ போன்ற ஊர்கள் தரைமட்டமாகி, வேறு இடத்தில் புதிதாகக் கட்டப்பட்டன.

கல்லறையில் கொள்ளுத் தாத்தாவைத் தேடி ஏமாற வேண்டாம். இடத்தின் உரிமை குறிப்பிட்ட காலத்துக்குத்தான். பிறகு எலும்புகளைப் பொதுப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது கடந்த ஐம்பது ஆண்டுக் கல்லறைகளை. பீங்கான் தகட்டில் முகம், பிறந்த தேதி, கணவன் மனைவி பெயர், சில சமயம் புதுப் பூ. பூ வைத்தவர் ஊரில்தான் இருக்கிறார். கல்லறைக் காவலரிடம் கேளுங்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் குடும்பப் பெயரைவிடப் பட்டப்பெயர் பலிக்கும். சிசிலியில் அதை ‘இஞ்ஜூரியா’ என்பார்கள். ஒரே குடும்பப் பெயர் கொண்ட பத்து வீடுகளை ஊர் பிரித்தறிவது அதை வைத்துத்தான். அமெரிக்காவில் உள்ள வயதான அத்தை, சித்தப்பாக்களிடம் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். அர்த்தம் தெரியாமல் அவர்கள் நினைவில் வைத்திருக்கும் ஏதோ ஒரு சொல் அதுவாக இருக்கலாம்.

சந்திக்கும்போது ஒரே பக்கத்தில் இத்தாலிய மொழியில் வம்ச வரைபடம், பழைய புகைப்படங்களின் நகல்கள். முதல் வாக்கியத்திலேயே சொத்துக்காக வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். பாகம் பிரிக்காத நிலத்தில் அமெரிக்கா போனவர்களின் பெயரும் இன்னும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. புகைப்படங்களை மேசையில் பரப்பிவிட்டு அவர்களைப் பேச விடுங்கள். அமெரிக்காவிலிருந்து அனுப்பிய அதே படம் உள்ளறை அலமாரியில் இருந்து வருவது அபூர்வமில்லை. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அவர்கள் சொல்லச் சொல்ல நகலின் பின்பக்கம் எழுதுங்கள், பட்டப்பெயரோடு. வரைபடத்தின் ஒரு பிரதியை வீட்டிலும், இன்னொன்றை ‘ப்ரோ லோக்கோ’ என்ற ஊர் வளர்ச்சிச் சங்கத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆகஸ்டில் வேறொரு கிளையிலிருந்து யாராவது அதே பெயரோடு வந்து அங்கே விசாரிப்பார்கள்.