காலர்ட் கீரைச் சட்டி

அமெரிக்கத் தென் மாநில நகரமான அட்லாண்டாவில் பக்கத்து வீட்டுப் பாட்டி இன்று மதியம் காலர்ட் கீரைச் சட்டியைத் திறந்தார். காலர்ட் என்பது முட்டைக்கோஸ் வகையைச் சேர்ந்த பெரிய இலைக் கீரை. வழக்கமான அதே புகை வாசனை. ஆனால் உள்ளே எப்போதும் போடும் பன்றிக்கால் இல்லை, புகைபோட்ட வான்கோழி இறக்கை.

ரத்த அழுத்தம் வந்த பிறகு செய்த மாற்றம். கொழுப்பு குறைவு. இறக்கையிலேயே உப்பு இருப்பதால் தனியாகப் போடுவதில்லை; இறக்கும்போது கொஞ்சம் வினிகர், மிளகாய்த்தூள்.

கீரை வெந்த சாற்றைக் கொட்ட மட்டும் விடமாட்டார். சத்து அதில்தானே இறங்கியிருக்கிறது! சோள ரொட்டியை முக்கிச் சாப்பிட்டோம். பேரன் கிண்ணத்தையே தூக்கிக் குடித்துவிட்டான்.

அமெரிக்கத் தென் மாநிலச் சாப்பாடு என்றாலே உடம்புக்குக் கெடுதல் என்கிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது. கீரை, காராமணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளி எல்லாம் இந்த ஊர்க்காரர்களின் தோட்டத்துச் சாப்பாடுதானே?

அடுத்த ஞாயிறு வெண்டைக்காயைப் பொரிக்காமல் ஓவனில் சுடப்போகிறாராம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.