கேமராவில் ஓர் ஓட்டை, கையில் ஒரு நிரல்

எக்ஸ்ப்ளாய்ட் நிரலை, அதாவது ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்திக் காட்டும் நிரலை, வெளியிடலாமா கூடாதா என்ற கேள்வி எல்லாம் முடிந்தபிறகுதான் வரும் என்று நினைத்திருந்தேன். நிறுவனத்துக்கு மெயில் எழுதத் தொடங்கியபோதே வந்துவிட்டது.

சிங்கப்பூரில், சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய மலிவு விலைக் கேமரா அது. பகலில் அம்மா வீட்டில் தனியாக இருப்பதால் கூடத்தில் மாட்டினேன். என் வேலை நெட்வொர்க் பாதுகாப்பு என்பதால், எந்தப் புதுப் பெட்டி வீட்டுக்குள் வந்தாலும் அது யாரோடு பேசுகிறது என்று பார்ப்பது வழக்கம். நேரத்தைச் சரிசெய்ய ஒரு சர்வர் பெயரைக் கேட்கும் பக்கம் கண்ணில் பட்டது. நாம் தரும் பெயரைச் சோதிக்காமல் லினக்ஸ் கட்டளையோடு ஒட்டி அப்படியே ஓட்டுகிறார்களோ என்று சந்தேகம். அரைப்புள்ளிக்குப் (;) பின்னால் வருவதை லினக்ஸ் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்து ‘ரீபூட்’ (அணைந்து மறுபடி எழு) என்று சேர்த்து அனுப்பினேன். விளக்கு அணைந்தது; கொஞ்ச நேரத்தில் கேமரா தலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி விழித்தது. இதைவிட மோசம், அந்தப் பக்கம் பாஸ்வேர்டே கேட்கவில்லை.

சொந்தக் கேமரா, சொந்த வைஃபை. அதைத் தாண்டி எதையும் தொடவில்லை. இங்கே கணினி முறைகேட்டுச் சட்டம் 1993லிருந்து இருக்கிறது. அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். எதையும் திருடியிருக்க வேண்டும் என்றில்லை. குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஹேக்கிங் கருவிகளை வாங்குவதையும் கொடுப்பதையும் 2017 திருத்தம் சேர்த்துக்கொண்டது. நோக்கம்தான் முக்கியம், சரி. ஆனால் என் நோக்கம் நல்லதுதான் என்று யாரிடமோ விளக்கிக்கொண்டிருக்க எனக்கு ஆசையில்லை. அதனால் முதல் நாளிலிருந்தே தேதி போட்டுக் குறிப்பு எழுதினேன். இதே வழியில் இறங்குபவர்களும் அதைச் செய்யுங்கள்.

நிறுவனத்தின் தளத்தில் பாதுகாப்புப் புகாருக்கென்று முகவரி எதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு விரிவாக எழுதினேன். கேமராவை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. (அதைத்தானே நான் தொலைவிலிருந்து செய்துகொண்டிருந்தேன்!) அடுத்து வந்தவர், நடைமுறையில் இது சாத்தியமில்லை என்றார். இனி விளக்கிப் பயனில்லை என்று, அந்த ஓட்டையைப் பயன்படுத்திக் காட்டும் சின்ன பைத்தான் நிரலை அவர்களுக்கு மட்டும் அனுப்பினேன். அதற்குப் பதில் எழுதியது ஒரு பொறியாளர், அதுவும் தன் பெயரைப் போட்டு. கூடவே சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அவசரக் குழுவான சிங்செர்ட்டுக்கும் தெரிவித்தேன். மாடல், ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு, மறுபடி செய்துகாட்டும் படிகள், இவ்வளவும் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

இத்தனை நாளில் சரிசெய்யுங்கள், பிறகு வெளியிடுவேன் என்று கெடு வைப்பதில் ஊருக்கு ஒரு வழக்கம். அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 45 நாள் தருகிறது, கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோ 90 நாள். நான் 90 என்றேன். கெடு நெருங்கியபோது நீட்டிக்கக் கேட்டார்கள். சோதனை ஃபர்ம்வேரைக் கையோடு அனுப்பியதால் சம்மதித்தேன். அதில் அரைப்புள்ளியைத் தடுத்திருந்தார்கள், அதே வேலையைச் செய்யும் பைப் குறியை (|) விட்டுவிட்டார்கள். நிரலில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி ஓட்டினேன், கேமரா மறுபடி தலையைச் சுற்றியது. கையில் நிரல் இல்லையென்றால் ஓட்டையை அடைக்க வந்த அந்த அரைகுறைப் பேட்ச்சையே முழுப் பேட்ச் என்று நம்பியிருப்போம்.

சரியான பேட்ச் வந்தபிறகுதான் உண்மையான சண்டை, அதுவும் நிறுவனத்தோடு அல்ல. சாங்கி பிசினஸ் பார்க்கில் என்னோடு வேலை பார்க்கும் மதுரைத் தம்பியோடு. முழு நிரலையும் வெளியிட வேண்டும் என்பது அவன் கட்சி. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை விடவில்லை.

“பழைய ஃபர்ம்வேரையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எங்க மாத்தியிருக்காங்கன்னு ஒரே நாள்ல தெரிஞ்சிடும், அண்ணே. கெட்டவனுக்குத் தெரியப்போறதை நல்லவன்கிட்ட மட்டும் மறைக்கிறீங்க.”

வலுவான வாதம்தான். இரண்டாவது பாதி உண்மை என்பதும் தெரியும்: தன் கருவி தாக்குதலைப் பிடிக்கிறதா என்று சோதிக்க, காவல் காப்பவனுக்கும் அந்த நிரல் வேண்டும். நான் ஸ்லாமர் என்ற புழுவை, தானாகவே பரவும் கெட்ட நிரலை, உதாரணம் சொன்னேன். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் ஓட்டைக்கு 2002 ஜூலையில் பேட்ச் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த டேவிட் லிட்ச்ஃபீல்டின் மாதிரி நிரலை அடிப்படையாக வைத்து யாரோ செய்த 376 பைட் புழு, 2003 ஜனவரியில் பத்தே நிமிடத்தில் உலகில் அந்த ஓட்டை அடைக்கப்படாத சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்தது.

“ஆறு மாசமா பேட்ச் போடாதவன் தப்பு தானே?” என்றான்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குபவனை அப்படிக் கேட்கலாம், தம்பி. எங்கள் புளோக்கில் கேமரா மாட்டியிருக்கும் பாட்டிகளைக் கேட்க முடியுமா? 2016 செப்டம்பர் கடைசியில் மிராய் என்ற பாட்நெட்டின் (கைப்பற்றிய கருவிகளைச் சேர்த்துத் தாக்கும் படை) நிரலைப் பொதுவெளியில் போட்டார்கள். அதன்பிறகு அதன் நகல்கள் பெருகின. அதே ஆண்டு அக்டோபர் 22, 24 தேதிகளில் இங்கே ஸ்டார்ஹப் இணையச் சேவை தடுமாறியதற்குக் காரணம், வாடிக்கையாளர் வீடுகளிலிருந்த ரவுட்டர், வெப்கேம் போன்ற பாதிக்கப்பட்ட கருவிகள் என்று சொல்லப்பட்டது. அது மிராய்தான் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டுக் கேமரா யாருக்கும் ஆயுதமாகலாம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்கிறேன்.

கடைசியில் ஓட்டையின் விவரம், பாதிக்கப்பட்ட மாடல்கள், ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங்கை (வெளி இணையத்திலிருந்து கேமராவுக்கு வழிவிடும் அமைப்பு) அணைக்கும் வழி, இவற்றை வெளியிட்டேன். கூடவே ஒரு சோதனை நிரல். அது அந்தப் பக்கம் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லும், எந்தக் கட்டளையையும் ஓட்டாது. முழு நிரலை வெளியிடவில்லை.

தம்பி சொன்னபடியே, சில வாரத்தில் யாரோ இரண்டு ஃபர்ம்வேரையும் ஒப்பிட்டு முழு எக்ஸ்ப்ளாய்ட்டையும் போட்டுவிட்டார். “சொன்னேன்ல அண்ணே” என்று இணைப்பை அனுப்பினான். ஆனால் அதற்குள் நிறுவனம் செயலி வழியாகப் புதுப்பிப்பைத் தானாகவே இறக்க ஆரம்பித்திருந்தது. அந்த வாரங்கள் எனக்குப் போதும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளத் தெரியாத பழைய மாடல் ஒன்று உண்டு. அதற்குப் பேட்ச் தர மாட்டோம் என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. இணையத்திலிருந்து கழற்றி வையுங்கள் என்று மட்டும் அதற்கு எழுதியிருக்கிறேன். அந்த மாடலுக்கான நிரலைக் கேட்டு இன்னும் மெயில் வருகிறது. நீங்கள் யார், எதற்கு என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலானவர்களிடமிருந்து பதிலே இல்லை.