மூன்று ஆட்டங்களுக்கு வந்த கோல்கீப்பர்

2025 மே 4, ஞாயிறு

இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காம் அடுக்கான லீக் டூ பருவம் நேற்று முடிந்தது. கார்லைல் யுனைடெட் 24 அணிகளில் 23ஆவதாக நின்று, ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கிற்கு இறங்குகிறது. 1999இலும் இதே கிளப் இதே 23ஆம் இடத்தில்தான் பருவத்தை முடித்தது. ஆனால் அப்போது கடைசி இடத்தில் நின்ற ஓர் அணி மட்டுமே வெளியேற வேண்டியிருந்ததால், 1928 முதல் கைவிட்டுப் போகாத லீக் இடம் (மேல் நான்கு அடுக்குகளுக்குள் ஓர் இடம்) அந்த ஆண்டும் தப்பியது. அதைத் தப்பவைத்தவர் ஜிம்மி கிளாஸ். அவர் கோல்கீப்பர், கோலைத் தடுத்து அல்ல, கோல் அடித்துத் தப்பவைத்தார்.

அந்தக் கோலைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் எந்தெந்த ஊரில், எந்தெந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கல்லூரி அணியில் இரண்டாம் கோல்கீப்பராக இருந்தவன் என்பதால் எனக்கு அந்தப் பகுதியில்தான் அக்கறை. இந்த நாட்களில் அதை எழுதி வைக்கிறேன்.

மே 6, செவ்வாய்

கிளாஸ் 1973இல் லண்டனுக்குத் தெற்கே உள்ள எப்சமில் பிறந்தவர். கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தவர். அங்கே அவருக்கு முன்னால் நின்றவர் நைஜல் மார்ட்டின். பிரிட்டனில் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கப்பட்ட முதல் கோல்கீப்பர் அவர்; பின்னாளில் இங்கிலாந்து அணிக்கும் ஆடினார். கிளாஸ் பேலஸின் முதல் அணிக்காக ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமலேயே வெளியேறினார்.

இதில் திறமைக் குறைவை மட்டும் பார்ப்பவர்கள் கோல்கீப்பரின் கணக்கை அறியாதவர்கள். நடுக்கள வீரருக்கு இடம் கிடைக்காவிட்டால் ஓரத்தில் ஆடலாம், கடைசி இருபது நிமிடம் மாற்று வீரராக இறங்கலாம், ஒருவர் களைத்தால் அவருக்குப் பதிலாக நுழையலாம். கோல்கீப்பருக்கோ இருப்பது ஒரே ஓர் இடம். அதில் நிற்பவர் காயம்படாமல், பெரிய தவறு செய்யாமல் இருக்கும்வரை அடுத்தவர் வாரம் முழுவதும் அதே பயிற்சியைச் செய்துவிட்டுச் சனிக்கிழமை உட்கார்ந்தே இருக்க வேண்டும். அதனால்தான் கீழ் டிவிஷன் கோல்கீப்பர்கள் ஊர் ஊராக லோனில், அதாவது வேறு கிளப்புக்குத் தற்காலிக இரவலாக, போகிறார்கள். கிளாஸும் பேலஸில் இருந்தபோதே டல்விச் ஹேம்லெட், போர்ட்ஸ்மவுத் என்று போய்வந்தார்.

மே 7, புதன்

நேற்று எழுத விட்டுப்போன ஒன்று. 1992இல் பின்பாஸ் விதி வந்தது. சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்றார்கள். கிளாஸுக்கு அப்போது 19 வயது. கையை மட்டும் நம்பி வளர்ந்த ஒரு தலைமுறை, தொழிலில் நுழையும் வயதில் காலையும் பழக்க வேண்டி வந்தது. ஓடி வரும் பந்தைத் தடுத்து நிறுத்த நேரமில்லாமல் அப்படியே உதைப்பது அவர்களுக்கு அன்றாடப் பயிற்சியாயிற்று. நாளை நான் எழுதப்போகும் அந்தக் கோலை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

மே 8, வியாழன்

அந்தக் கோல் விழுந்து இன்றோடு 26 ஆண்டுகள்.

போர்ன்மவுத்தில் இரண்டு பருவங்கள் முதல் கோல்கீப்பராக நின்றதுதான் கிளாஸுடைய தொழில் வாழ்க்கையின் உறுதியான காலம். அதன் உச்சியில், 1998 ஏப்ரல் 19 அன்று, கீழ் டிவிஷன் அணிகளுக்கான ஆட்டோ விண்ட்ஸ்கிரீன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், 60,000க்கும் மேற்பட்டோர் நிறைந்த வெம்ப்ளியில் அவர் ஆடினார். போர்ன்மவுத் முன்னிலையில் இருந்தபோது கிரிம்ஸ்பி சமன் செய்த கோல், கிளாஸின் பெயரில் சேம் சைடு கோலாகப் பதிவானது. கூடுதல் நேரத்தில், முதலில் கோல் அடிப்பவரே வெல்லும் கோல்டன் கோல் முறையில், கோப்பை கைநழுவியது. அந்தக் கோடையில் ஸ்விண்டன் டவுனுக்கு மாறினார். அங்கே முதல் இடம் நிலைக்கவில்லை, மறுபடி பெஞ்ச்.

கார்லைலின் நெருக்கடி அவருடைய சொந்தக் கதைக்குத் தொடர்பில்லாதது. அந்தக் கிளப் தன் முதல் கோல்கீப்பர் டோனி கேக்கை பிளாக்பூலுக்கு விற்றுவிட்டது. லோனில் வந்த ரிச்சர்டு நைட்டை டெர்பி கவுண்டி திரும்ப அழைத்துக்கொண்டது. வீரர் மாற்றத்துக்கான கெடு முடிந்துவிட்டதால், சிறப்பு அனுமதி பெற்று ஸ்விண்டனிலிருந்து கிளாஸை அவசர லோனில் எடுத்தார்கள். மீதம் இருந்தவை மூன்று ஆட்டங்கள்.

மூன்றாவது ஆட்டம் சொந்த மைதானமான பிரண்டன் பார்க்கில், பிளிமத் ஆர்கைலுக்கு எதிராக. அவர்கள் ஆடிய லீக்குக்கு அப்போது டிவிஷன் மூன்று என்று பெயர், உண்மையில் நான்காம் அடுக்கு. கடைசி இடத்தைத் தவிர்க்கக் கார்லைலோடு போட்டியிட்ட ஸ்கார்பரோ ஒரு புள்ளி முன்னே இருந்தது. அது தன் மைதானத்தில் பீட்டர்பரோவுடன் 1-1 என்று முடித்துவிட, அங்கே ரசிகர்கள் தப்பித்துவிட்டோம் என்று களத்துக்குள் இறங்கிவிட்டார்கள். இங்கேயும் 1-1. கூடுதலாகச் சேர்த்த நிமிடங்களும் தீரும் தறுவாயில் கார்லைலுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மேலாளர் நைஜல் பியர்சன் கையசைக்க, கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு மைதானத்தின் முழு நீளத்தையும் ஓடிக் கடந்தார். கிரஹாம் ஆண்டனி அடித்த கார்னரை ஸ்காட் டோபி தலையால் முட்டினார். பிளிமத் கோல்கீப்பர் தட்டிவிட்டார். பந்து ஆறு கெஜப் பெட்டிக்குள் ஓடிவந்த கிளாஸின் வலது காலுக்கு நேராக வந்தது. ஒரே உதை. வலை அசைந்ததும் கூட்டம் களத்துக்குள் கொட்டியது. மீண்டும் ஆட்டம் தொடங்கியதும் விசில். கார்லைல் 49 புள்ளி, ஸ்கார்பரோ 48.

இந்தக் காணொளியில் நான் எப்போதும் பார்ப்பது உதையை அல்ல, அதற்கு முந்தைய ஓட்டத்தை. பெட்டிக்குள் நுழைந்த பிறகும் அவர் யாரையும் இடிக்கவில்லை, பந்துக்காக எம்பவில்லை. எல்லாரும் எம்பும்போது, விழும் பந்துக்காகக் காத்திருக்கிறார். கோல் வாசலில் நின்று தட்டிவிட்ட பந்து எங்கே விழும் என்று ஆயிரம் முறை பார்த்தவருடைய பழக்கம் அது.

மே 9, வெள்ளி

ஸ்கார்பரோவைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்தக் கிளப் மீண்டும் லீக்கிற்கு ஏறவே இல்லை. 2007இல் கடனில் மூழ்கிக் கலைந்தது. கார்லைலும் 2004இல் இறங்கி, அடுத்த ஆண்டே திரும்பி வந்தது.

மே 11, ஞாயிறு

அந்தக் கோலுக்குப் பிறகு கிளாஸுக்குக் கதவுகள் திறந்திருக்கும் என்று நினைப்போம். கேம்பிரிட்ஜ் யுனைடெட், பிரென்ட்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் என்று கிளப் மாறிக்கொண்டே போனார். எங்கும் முதல் இடம் அமையவில்லை. 27 வயதில் லீக் கால்பந்தை விட்டார். பல கோல்கீப்பர்கள் தேறி வருவதே அந்த வயதுக்கு மேல்தான். இதே தொழிலில் ஊர் ஊராகப் போன ஜான் பர்ரிஜ், 1995இல் மான்செஸ்டர் சிட்டிக்காக இறங்கியபோது 43 வயது 162 நாள். பிரீமியர் லீக்கில் ஆடிய மிக மூத்த வீரர் இன்றும் அவர்தான். பர்ரிஜுக்கும் இரண்டு டஜனுக்கு மேல் கிளப்புகள். ஆனால் அவரை அழைத்த கிளப்புகள் ஆடவிட்டன, கிளாஸை அழைத்தவை பெரும்பாலும் உட்காரவைத்தன. ஆட்டமே இல்லாமல் எந்தக் கோல்கீப்பரும் தேற முடியாது. ஒரு கோலால் புகழ்பெற்றவரை அந்த ஒரு கோலாகவே பார்த்ததும் அவருக்கு உதவவில்லை என்பது என் எண்ணம்.

மே 17, சனி

ஆட்டத்தை விட்ட பின் கிளாஸ் விற்பனை வேலை பார்த்தார், டாக்ஸி ஓட்டினார். பிறகு, தான் நிலையாக ஆடிய ஒரே கிளப்பான போர்ன்மவுத்துக்கே வீரர் தொடர்பு அலுவலராகத் திரும்பினார். அதற்குள் அது பிரீமியர் லீக் கிளப்பாகியிருந்தது. புதிதாக வரும் வீரருக்கு வீடு பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவது, மொழி தெரியாத குடும்பத்தை மருத்துவரிடம் சேர்ப்பது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். புது ஊரில் முதல் வாரம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வேலையையும் அவருடைய கால்பந்து வாழ்க்கையின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன். கார்லைலின் மூன்று ஆட்டங்களைவிட நீண்ட பகுதி அது.