மூன்றாம் நாள் பாக்கி

ஜூன் 3, 2024, திங்கள்

எனக்கு நாள்பட்ட சோர்வு நோய். சனிக்கிழமை உடம்பு கொஞ்சம் தேவலாம் போல இருந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு வாளித் துணியை மாடிக்குத் தூக்கிப்போய்க் காயப்போட்டேன். ஞாயிறும் ஒன்றும் தெரியவில்லை. இன்று காலை தலையணையிலிருந்து தலை எழவில்லை. தொண்டை வலி, ஜன்னல் வெளிச்சம் பட்டாலே கண் எரிச்சல். பால் பாக்கெட்டை எங்கே வைத்தாய் என்று அத்தை கேட்டார். ஃபிரிட்ஜ் என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

வேலை செய்த அன்றைக்கே உடம்பு உதைத்தால் எதனால் என்று புரியும். இந்த நோய் ஒரு நாள், இரண்டு நாள் விட்டு உதைக்கிறது.

ஜூன் 5

இந்த நோயின் பெயர் தெரியவே ஒன்றரை வருடம் ஆனது. வைரஸ் காய்ச்சல் போய்விட்டது, சோர்வு மட்டும் தங்கிவிட்டது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் சரியாக இருந்தன. ஒரு டாக்டர், "வீட்டில் மாமியாரோடு ஏதாவது பிரச்சினையா?" என்றார். பாவம் அத்தை, வெளியே உட்கார்ந்து என் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பார்த்தவர்தான் உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஆறு மாதத்துக்கு மேல் பழைய வேலைகள் முடியாமல் போயிருக்கிறதா, உழைத்த பிறகு சரிவு வருகிறதா, தூங்கியும் தெளிவில்லையா, அதோடு மூளை மந்தமோ, நிமிர்ந்து நிற்கும்போது தொந்தரவோ உண்டா? 2015-ல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு வகுத்த அளவுகோல் இதுதானாம். நாள்பட்ட சோர்வு நோய், ஆங்கிலச் சுருக்கம் எம்.ஈ./சி.எஃப்.எஸ். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இன்னும் கிடையாது. இத்தனை நாள் எடுத்த டெஸ்டெல்லாம் மற்ற நோய் இல்லை என்று சொல்லத்தான்.

ஜூன் 8

அண்ணன் போனில்: "தினம் பத்து நிமிஷம் கூட்டிக் கூட்டி நட, சரியாகிடும்." அவன்மேல் தப்பில்லை, பெரிய இடத்திலேயே அப்படித்தான் சொன்னார்கள். பிரிட்டனில் 641 பேரை வைத்து நடந்த பேஸ் ஆய்வு 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் தேறலாம் என்றது. ஆனால் 'குணமானார்' என்பதற்கு முதலில் வைத்த அளவை நடுவில் தளர்த்தியிருந்தார்கள். நோயாளிகள் விடாமல் போராடி விவரங்களை வெளியே வாங்கினார்கள். பழைய அளவை வைத்துப் பார்த்தபோது குணமானவர் கணக்கு சுருங்கிவிட்டது. 2021 அக்டோபரில் மருத்துவர்களுக்கு வழிகாட்டல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சியைத் தன் வழிகாட்டலிலிருந்தே எடுத்துவிட்டது. 2007-ல் அதைப் பரிந்துரைத்ததும் அதே நைஸ்தான்!

இதையெல்லாம் அண்ணனிடம் சொல்ல மூச்சு இல்லை. "சரிண்ணா" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 12

வீட்டு அலமாரி நாட்டு மருந்துக் கடையாகிவிட்டது. சித்தி கொடுத்த அமுக்கரா லேகியம், பக்கத்து வீட்டு அக்காவின் சீந்தில் பொடி. இன்று சித்த மருத்துவரைப் பார்த்தேன். குணப்படுத்துகிறேன் என்று அவர் சொல்லவில்லை, அதனாலேயே நம்பிக்கை வந்தது. அமுக்கரா தைராய்டு அளவை ஏற்றலாம், சிலருக்கு ஈரலையும் பாதிக்கும், அதனால் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் என்றார். சீந்தில் பொடியை நிறுத்தச் சொன்னார். தூக்கத்துக்கும் வலிக்கும் ஏதாவது செய்யலாம், மற்றதை உடம்பு கேட்கிறபடி விடு என்றார்.

யோகா வகுப்பில் சூரிய நமஸ்காரம் ஆறு சுற்று செய்து ஒரு வாரம் படுத்தவள் நான். ஜப்பானில் உட்கார்ந்தபடியே செய்யும் யோகாவை 30 நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள், இரண்டு மாதம் செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்ததாம். சின்ன ஆய்வுதான். இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கையைக் காலை நீட்டுகிறேன். எந்த வைத்தியம் வந்தாலும் இப்போது ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது என்னை முக்கச் சொல்கிறதா? சொன்னால் வேண்டாம்.

ஜூன் 16, ஞாயிறு

தங்கைக்கு வளைகாப்பு. முந்தின நாளும் மறுநாளும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. காய் நறுக்குவது ஸ்டூலில், குளியலும் ஸ்டூலில் என்று வாரம் முழுக்கச் சேமித்தது இந்த ஒரு மணி நேரத்துக்காக. நான்காவதாக வளையல் போட்டேன். பந்திக்கு முன்னால் ஆட்டோ வந்துவிட்டது. "அக்கா சாப்பிடாமயே போறா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை, எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள்.

ஜூன் 18

ஐந்தரைக்கு விழிப்பு. அசையாமல் படுத்து எச்சில் விழுங்கிப் பார்த்தேன். தொண்டையில் வலி இல்லை. அடுப்பில் பால் பொங்கும் சத்தம். அத்தை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

நானே போய் அடுப்பை அணைத்தேன்.