கச்சான் காற்றைத் தாங்கிய பனைகள்

திருகோணமலையில் பனைக் குடும்பத்து மரங்களைச் சேர்த்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது கச்சான் காற்றை. இங்கே மழை குறைவு என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியில் இருந்து ஆவணி வரை மேற்கே இருந்து காய்ச்சலாக வீசுகிற கச்சான், ஓலை நுனியில் தொடங்கி ஈரத்தை உறிஞ்சி எடுக்கும். கண்டியிலும் கொழும்பிலும் நாற்றுமேடையில் பார்த்து மயங்கி வாங்கிய கன்று, இங்கே முதல் கோடையைத் தாண்டுமா என்பதுதான் கேள்வி.

என் வளவு உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில். மண் என்று பெயர், வெறும் மணல்தான். கிணற்றுத் தண்ணீர் மாரியில் நன்றாக இருக்கும், கோடைக் கடைசியில் சவர் தட்டும். உலகத்தில் 2,500க்கும் மேற்பட்ட பனை இனங்கள் இருக்கின்றன. அவற்றில் எது இந்த மணலில் நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறேன். இப்போதெல்லாம் ஒரு கன்றைப் பற்றி நான் முதலில் விசாரிப்பது, அது முளைக்கும்போது எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்பதைத்தான். இலை அழகை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இதை எனக்குக் காட்டியது நம்முடைய பனைதான். ஆவணியில் விழும் பழத்தைப் பிசைந்து களி எடுத்தபின் கொட்டைகளைப் பாத்தி போடுவது எல்லோருக்கும் பழக்கம். கிழங்கு பிடுங்காமல் மரமாக்கும் நோக்கத்தோடு சில கொட்டைகளைத் தனியே மணலில் வைத்தேன். மாரி தொடங்கிச் சில வாரங்கள் கழிய, ஒரு கொட்டைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, முளை போன பாதையைப் பக்கவாட்டில் திறந்து பார்த்தேன். கொட்டையின் கண்ணில் இருந்து வெள்ளையாக ஒரு குழாய் வெளிவந்து, வளைந்து, நேரே கீழே இறங்கியிருந்தது. அது வேர் இல்லை. விதையிலையின் காம்பு நீண்டு, தன் நுனியில் கன்றின் கருவைச் சுமந்துகொண்டு போகிறது. போய்ச் சேர்ந்த ஆழத்தில்தான் வேர் கீழேயும் குருத்து மேலேயும் புறப்படும். அதுவரைக்கும் கொட்டைக்குள் பூரான் என்று நாம் சொல்லும் பஞ்சு போன்ற பகுதி பருத்து, உள்ளே இருக்கும் பருப்பைக் கரைத்து, அந்தக் குழாய் வழியாகவே சாப்பாடு அனுப்பும். நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அந்தச் சாப்பாடு இடம் மாறி வந்து தேங்கிய பகுதி.

குழியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். மேல் மணல் கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. ஒரு முழத்துக்குக் கீழே மணல் கறுத்துக் குளிர்ந்து, பிடித்தால் உருண்டையாக நின்றது. குழாயின் நுனி அந்தக் கறுத்த மணலுக்குள் போய்விட்டது. மேலே ஓர் இலைகூட வரவில்லை, அதற்குள் கோடைக்கான இடத்தை அது பிடித்துவிட்டது. ஆழமாக உழுத மண்ணோ எருவோ ஒன்றும் இல்லாமல் நிலாவெளியிலும் சம்பூரிலும் பனங்கூடல்கள் நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று அன்றைக்கு முழுமையாக விளங்கியது.

பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "தம்பி, பனையச் சட்டியில வளர்த்து இடம் மாத்தலாமெண்டு நினைக்காத. நிக்க வேண்டிய இடத்திலயே கொட்டையத் தாழு" என்றார். அவர் சொன்னதுதான் சரியான முறை. அந்தக் கொட்டைகள் போட்ட இடத்திலேயே இப்போது சிறு வடலிகளாக நிற்கின்றன. வடலி ஆண்டுக்கணக்காக உயராமல் நிலத்தோடு நிற்பதைப் பார்த்துப் பலர் பொறுமை இழக்கிறார்கள். பனைகளுக்கு ஆலமரம், வேம்பு போல ஆண்டுதோறும் தண்டு பருப்பதில்லை. தண்டின் சுற்றளவை அடியிலேயே முழுதாக அமைத்துக்கொண்ட பிறகுதான் மேலே எழும்பும். அதனால் அந்தக் காலத்தில் தண்ணீரும் பசளையும் குறைத்தால், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அடித்தண்டு பருக்காது.

இப்படி ஆழத்துக்கு இறங்கி முளைக்கும் பழக்கம் பேரீச்சை, ஈச்சை, தாளிப்பனை, மடகாஸ்கர் பனையான பிஸ்மாக்கியா எல்லாவற்றுக்கும் உண்டு. பேராதனைப் பூங்காவில் நிற்கும் இரட்டைத் தேங்காய் மரமும் இந்த வகைதான். சீசெல்ஸ் தீவுகளுக்கே உரிய அதன் விதை உலகத்திலேயே பெரியது. அதன் முளைக்காம்பு பல மீற்றர் தூரம் போய்த்தான் கன்றை வைக்கும். பேராதனைக்குப் போகிறவர்கள் 1950 இல் நட்ட அரச பனை வரிசையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரட்டைத் தேங்காய் மரங்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

சிக்கல் என்னவென்றால், எல்லாவற்றையும் நேரே நிலத்தில் போட முடியாது. சாதாரணப் பொலித்தீன் பையில் போட்டால் முளை அடியைத் தொட்டுச் சுருண்டுவிடும். அதற்கு நான் செய்வது இது: நாலு அங்குல பீ.வீ.சீ. குழாயை இரண்டு அடித் துண்டுகளாக வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, மறுபடி பொருத்திக் கம்பியால் கட்டுவேன். அடியில் உரிமட்டைத் தும்பை அடைத்து, மேலே மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புவேன். நடும் நாளில் கம்பியை வெட்டினால் குழாய் இரண்டாகப் பிரியும், வேர் அசையாது. பனையின் வேர் நடுவில் அறுந்தால், பல இனங்களில் அந்தத் துண்டு அப்படியே செத்துப்போகும். தண்டின் அடியில் இருந்து புது வேர் வந்தாக வேண்டும். சிறு கன்றுக்கு அந்தப் புது வேரை விடும் பலம் இருக்காது. அதனால்தான் இந்தக் குழாய் வேலைக்கு இவ்வளவு சிரமப்படுகிறேன்.

குழாய் முறையில் நன்றாக வந்தது பிஸ்மாக்கியா. மடகாஸ்கரின் மேற்குப் பக்கத்துப் புல்வெளி மரம், நீண்ட வறட்சிக்குப் பழகியது. நிலாவெளியில் ஒரு விடுதித் தோட்டத்தில் பெண் மரமும் ஆண் மரமும் கிட்டக் கிட்ட நிற்கின்றன. தோட்டக்கார அண்ணன் விழுந்த பழங்களைப் பொறுக்கித் தந்தார். பாக்குப்பழ அளவு, மண்ணிறம். தோலை உரித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குழாயில் போட்டேன். முதல் ஓலைகளில் லேசான ஊதா ஓடும், பிறகு சாம்பல் பூத்த வெள்ளி நிறம் பிடிக்கும். விரலால் தேய்த்தால் அந்த வெள்ளைப் பூச்சு கையில் வரும். கச்சான் காலத்தில் மற்றக் கன்றுகள் எல்லாம் நுனி கருகி நிற்க, இது மட்டும் புதுக் குருத்து விட்டுக்கொண்டிருந்தது. இந்த ஊருக்கு வெளியில் இருந்து வந்த பனைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வேரைக் கலைத்தால் மட்டும் மன்னிக்காது.

கித்துள் அப்படி இல்லை. மலையடிவார ஈரத்தில் பிறந்த மரம் அது. பனைக் குடும்பத்தில் இரட்டைச் சிறகாகப் பிரிந்த ஓலை கித்துள் இனத்துக்கு மட்டும்தான், அந்த மீன்வால் வடிவ இலைக்காகவே வைத்தேன். பழத்தை வெறுங்கையால் பிசையவே கூடாது. தோலுக்குள் ஊசி போன்ற படிகங்கள் இருக்கின்றன, கை எரிந்து அரித்துவிடும். திறந்த இடத்தில் வைத்த கன்றுகள் கோடையில் ஓலை கருகிப் போயின. கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம், மேற்குப் பக்கம் கிடுகு கட்டி வைத்த ஒன்று மட்டும் மாமர நிழலில் நிற்கிறது. கமுகும் அதே வாய்க்காலோரம்தான். சிவந்த தண்டுள்ள மலேசியப் பனை சதுப்பு நிலத்து இனம், அதை உப்புவெளி மணலில் வைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இப்போது எல்லா வீட்டு வாசலிலும் நிற்கும் பொக்ஸ்டெயில் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், கேப் மெல்வில் என்ற ஒரு மூலையில் மட்டும் இயற்கையாக வளர்வது. அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்ததே 1983 இல். கருங்கல் பாறைகளுக்கு நடுவே மணலில் வளர்ந்த இனம் என்பதால் இங்கே நன்றாக நிற்கிறது. பழத்தின் சிவந்த சதையைக் கழுவினால் கொட்டையின் மேல் கறுத்த நார்கள் கவட்டை கவட்டையாகப் பிரிந்து ஓடுவது தெரியும். கையில் கிடைத்தால் ஒருமுறை பாருங்கள்.

மணல் நிலத்தில் தண்ணீருக்கு அடுத்த கவலை பொட்டாசியம். மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். அடையாளம் அடி ஓலைகளில் முதலில் தெரியும்: மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் புள்ளிகள் விழும், ஓலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால் அந்தப் புள்ளிகளுக்குள்ளால் வெளிச்சம் வரும். அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த ஓலையை வெட்டுகிறவர்கள் மரத்துக்குக் கெடுதல் செய்கிறார்கள். பழைய ஓலையில் இருக்கும் பொட்டாசியத்தை எடுத்துத்தான் மரம் புதுக் குருத்தை வளர்க்கிறது. வெட்டினால் அடுத்த ஓலையில் கை வைக்கும். தானாகக் காய்ந்து காவோலை ஆகும்வரை விடுங்கள். ஓலையின் ஓரம் மட்டும் மஞ்சள் பட்டையாகி நடு பச்சையாக நின்றால் அது மக்னீசியக் குறை; பேரீச்சையில் அடிக்கடி காணலாம். தென்னைக்குப் போடும் கலவைப் பசளையோடு, மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூளான டொலமைற் சேர்த்து, மழைக் காலத்தில் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுகிறேன். ஒரேயடியாகப் போட்டால் மணல் அதைப் பிடித்து வைக்காது.

அக்காவின் வளவு நகரத்துக்குள், பிரட்ரிக் கோட்டைக்குக் கிட்ட. அங்கே எதிரி வண்டு இல்லை, மான். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் தெருவால் உலாவி, படலை திறந்திருந்தால் உள்ளே வரும். மஞ்சள் தண்டுள்ள கூட்டுப் பனையின் குருத்துகளைக் கடித்துவிட்டுப் போயின. அது பல தண்டாக வெடிக்கிற இனம் என்பதால் மற்ற முளைகளில் இருந்து திரும்ப வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த போத்தல் பனைக்கு ஒரே குருத்து; அது போனதும் மரமும் போய்விட்டது. தனித்தண்டுப் பனைக்கு உயிர் முழுக்க உச்சியில் உள்ள அந்த ஒற்றை மொட்டில்தான். பேரீச்சையின் ஓலை அடியில் முள் வரிசை இருப்பதால் மான் கிட்டப் போகவில்லை. இப்போது அக்கா வளவில் முள்ளுள்ள இனங்களை வேலியோரமும் மற்றவற்றைக் கம்பிவலைக்குள்ளும் வைத்திருக்கிறோம்.

என் பக்கத்தில் கருவண்டுதான் தொல்லை. அது மொட்டுக்குள் துளைத்துப் போனால், ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டுகளோடு விரியும். உக்கிய தென்னங்குற்றியிலும் எருக்கும்பத்திலும் தான் குஞ்சு பொரிக்கிறது என்பதால் குற்றிகளை அகற்றினேன்; எருவைக் கிளறி வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவேன். இளங்கன்றுகளின் மட்டைக் கவட்டுக்குள் பூச்சி உருண்டை வைத்து மணலால் மூடுவதும் பயன் தருகிறது. தெற்கில் தென்னைக்கு வந்த வெலிகம வாடல் நோய்க்குப் பிறகு, அந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பனைக் கன்றும் கொண்டுவருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். சேகரிக்கிற எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு கன்றுக்காக ஊர்த் தென்னையைப் பணயம் வைக்கக் கூடாது.

கடைசியாகச் சேர்ந்தது தாளிப்பனை. லொறி ஓட்டும் நண்பர் ஒருவர் கேகாலைப் பக்கம் பூத்துக் காய்த்து முடிந்து நின்ற மரத்தடியில் இருந்து ஒரு பை கொட்டை கொண்டுவந்தார். கோலிக்குண்டு அளவு, நிலத்தில் போட்டால் கல்லைப் போலச் சத்தம். 30 முதல் 80 ஆண்டு வரை வளர்ந்து, ஒரே ஒரு தடவை உச்சியில் பூத்து, லட்சக்கணக்கில் காய் தந்து, அதோடு மரம் இறந்துவிடும். அந்தப் பூங்கொத்துதான் கிளைத்த பூங்கொத்துகளில் உலகிலேயே பெரியது. சிங்கள ஏடுகள் எழுதப்பட்டது இதன் ஓலையில். குழாய்களில் போட்ட கொட்டைகளில் பாதிக்கு மேல் முளைத்து, ஒற்றை ஓலைக் கன்றுகளாக நிற்கின்றன. வளர்ந்த மரத்தின் ஓர் ஓலை ஐந்து மீற்றர் அகலம் வரை விரியும் என்பதால் வீட்டு வளவுக்குச் சரிவராது. தம்பலகாமத்தில் மாமாவின் வயற்கரையில் இரண்டு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். யானை வரும் பக்கம் என்று மாமா யோசிக்கிறார், ஆனாலும் மின்வேலிக்கு உள்ளே ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் குழாயோடு கொண்டுபோக வேண்டும்.

ஈச்சையில் எனக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது. வெருகல் வீதியோரப் பற்றையில் பழுத்துக் கறுத்த ஈச்சம்பழம் பொறுக்கி முளைக்க வைத்தவற்றில், பூத்தவை எல்லாம் ஆணாகவே போய்விட்டன. மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் யாருடைய காணியிலாவது பெண் ஈச்சை அடியில் பக்கக் கன்று வெடித்திருந்தால், வேரோடு ஒன்று எனக்கு வேண்டும். பதிலுக்கு, குழாயில் வேரூன்றிய பிஸ்மாக்கியாக் கன்று தருகிறேன்.